ரட்லண்ட் ஏரியின் பச்சைக் கோடை

நீளமான த்ரெட் இது. டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

போன வாரம் ஒரு நண்பர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். ஊர்ப்பக்கத்து நீர்த்தேக்கம். தண்ணி முழுக்கப் பச்சை. கரையோரம் மட்டும் யாரோ பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துட்ட மாதிரி கெட்டியா ஒரு படலம். கூடவே கேள்வி: "டாக்டர், ஞாயித்துக்கிழமை பசங்களோட பிக்னிக் போறோம். நாயும் வருது. இதுல இறங்கலாமா?"

வேண்டாம்னு ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். "பாசிதானே டாக்டர்?"னு திருப்பிக் கேட்டார். அந்த "பாசிதானே"வுக்குப் பதில் சொல்லணும்னா உங்களை இங்கிலாந்துக்குக் கூட்டிட்டுப் போகணும். 1989ஆம் வருஷக் கோடைக்கு. அதுக்கும் முன்னாடி, ஒரு பள்ளத்தாக்கு ஏரியான கதைக்கு.

இங்கிலாந்தின் நடுவில் ரட்லண்ட்னு ஒரு குட்டி மாவட்டம் இருக்கு. பழைய கவுன்ட்டிகளிலேயே மிகச் சிறியது. "சிறியதில் நிறைய" என்பதுதான் அதன் லத்தீன் முத்திரை வாசகத்தின் பொருள். மேடும் பள்ளமுமான மேய்ச்சல் நிலம், ஆடுகள், தேன்நிறக் கல் வீடுகள். அதன் வழியே க்வாஷ் என்ற சின்ன ஆறு ஓடுது. நம்ம ஊர்க் கணக்கில் ஓடைன்னுதான் சொல்லணும்.

1960களில் அதைச் சுற்றியிருந்த நகரங்கள் வேகமாக வளர்ந்தன. பீட்டர்பரோ, நார்த்தாம்ப்டன், கார்பி, மில்டன் கீன்ஸ். அத்தனை பேருக்கும் குடிதண்ணீர் வேண்டும். இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம் மழை குறைவான பகுதி. 1970இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. க்வாஷ் பள்ளத்தாக்கின் குறுக்கே எம்பிங்ஹாம் கிராமத்தருகே சுமார் 1.2 கிலோமீட்டர் நீளத்துக்குக் களிமண் அணை எழுந்தது.

உள்ளூரில் எதிர்ப்பு இருந்தது. இல்லாமல் இருக்குமா? நல்ல விளைநிலம் போனது. நெதர் ஹாம்பிள்டன் என்ற சிற்றூர் இடிக்கப்பட்டு மொத்தமாகத் தண்ணீருக்குள் போனது. மிடில் ஹாம்பிள்டனிலும் பெரும்பகுதி காலி. மேட்டில் இருந்த அப்பர் ஹாம்பிள்டன் மட்டும் தப்பித்தது. இன்றைக்கு மூன்று பக்கமும் தண்ணீர் சூழ, ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தில் அது உட்கார்ந்திருக்கு.

நார்மன்டன் தேவாலயத்தின் கதை தனி. ஏரி நிரம்பினால் அதன் தரை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போய்விடும். இடிக்கத்தான் இருந்தார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. கடைசியில் கட்டடத்தின் கீழ்ப்பகுதியைக் கல்லும் கான்கிரீட்டும் கொட்டி நிரப்பி, உள்ளே தரையை உயர்த்தி, கரையிலிருந்து ஒரு நடைபாதையும் போட்டார்கள். இப்போ பார்த்தால் கோயில் பாதி முழுகிய மாதிரி தண்ணீரில் நிற்கும். ரட்லண்ட்னு கூகுள் பண்ணினா முதலில் வர்ற படம் அதுதான்.

அணை கட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அடி. 1974இல் நிர்வாகச் சீரமைப்பு என்ற பெயரில் ரட்லண்ட் மாவட்டத்தையே கலைத்து லெஸ்டர்ஷையரோடு சேர்த்துட்டாங்க. எம்பிங்ஹாம் நீர்த்தேக்கம்னு இருந்த பெயரை ரட்லண்ட் வாட்டர்னு மாத்தினாங்க. மேப்பில் ஊர் போச்சு, ஏரியிலாவது பெயர் இருக்கட்டும்! (1997இல் மாவட்டம் திரும்பவும் தனியாகிவிட்டது. அது வேறு கதை.)

இந்த ஏரியை வடிவமைத்ததில் சில்வியா க்ரோ என்ற நிலத்தோற்றக் கலைஞரின் பங்கு பெரியது. அணைக்குத் தேவையான களிமண்ணைப் பின்னாளில் தண்ணீர் மூடப்போகும் இடத்திலிருந்தே தோண்டினார்கள். வெளியே குழி, காயம் எதுவும் தெரியாது. அணையும் புல் மூடிய ஒரு மேடு மாதிரிதான் இருக்கும். 1975இல் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். அடுத்த வருஷமே இங்கிலாந்து மறக்காத 1976 வறட்சி. ஏரி நிரம்பச் சில வருஷங்கள் ஆயின. நிரம்பியபோது பரப்பளவில் இங்கிலாந்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். கொள்ளளவு சுமார் 12.4 கோடி கனமீட்டர்.

தண்ணீர் தேக்குவதற்கு முன்பே ஏரியை யார் யாருக்கு எங்கே என்று பிரித்து வைத்தார்கள். கிழக்கே பாய்மரப் படகுகள். தூண்டில்காரர்களுக்காக ட்ரவுட் மீன் வளர்த்து விட்டார்கள். சுற்றிலும் சைக்கிள் பாதை. மேற்குக் கோடி பறவைகளுக்கு. அங்கே தனிக் கரைகள் போட்டு மூன்று குட்டைகள் அமைத்தார்கள். பெரிய ஏரியின் மட்டம் ஏறி இறங்கினாலும் குட்டைகளின் மட்டம் பெரிதாக மாறாது. கருவால் வாத்தும் தட்டைவாயனும் ஆயிரக்கணக்கில் வந்தன. 1991இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

ஆக, ஒரே தண்ணீர். அதை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குடிக்கணும், வாத்து மேயணும், படகு ஓடணும், மீன் வளரணும், நாய் குதிச்சு விளையாடணும். எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்தது.

இப்போ டாக்டர் வேலைக்கு வர்றேன்.

க்வாஷ் ஓடையின் தண்ணீர் இவ்வளவு பெரிய ஏரிக்கு எப்படிப் பத்தும்? பத்தாது. வெல்லண்ட், நீன் என்ற இரண்டு பெரிய ஆறுகளிலிருந்து பம்ப் வைத்து இறைத்துத்தான் ஏரியை நிரப்புகிறார்கள். (நீன் ஆற்றை மேலே நார்த்தாம்ப்டனில் "நென்" என்பார்கள், கீழே பீட்டர்பரோவில் "நீன்" என்பார்கள். ஒரே ஆறு. இன்னிக்கும் சண்டை தீரலை.) அந்த ஆறுகள் நகரங்களையும் உரம் போட்ட வயல்களையும் தாண்டி வருபவை. சுத்திகரித்த சாக்கடை நீரும் அவற்றில்தான் கலக்கிறது. சுத்திகரிப்பில் கிருமி குறையும், நாற்றம் போகும். பாஸ்பேட் பெரும்பாலும் அப்படியே இருக்கும். துணி சோப்புத்தூளிலிருந்தும் நம் மலத்திலிருந்தும் வயல் உரத்திலிருந்தும் வரும் பாஸ்பேட்.

பாஸ்பேட் ஏரிக்கு உரம். அதனால்தான் செடி, பூச்சி, மீன், வாத்து என்று எல்லாம் செழித்தன. அதே சாப்பாட்டை இன்னொருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நீலப்பச்சைப் பாசி. பெயரில்தான் பாசி, உண்மையில் பாக்டீரியா. ரொம்பப் பழைய ஜீவன். பூமிக் காற்றில் முதன்முதலில் ஆக்சிஜனை நிரப்பியதே இந்தக் கூட்டம்தான்; அந்த வகையில் நாம் அதற்குக் கடன்பட்டவர்கள். அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்று ஒரு வகை உண்டு. செல்லுக்குள் நுண்ணிய காற்றுப் பைகள் வைத்திருக்கும். அலையில்லாத நாளில் மேலே மிதந்து வந்து வெயில் காயும். லேசாகக் காற்றடித்தால் ஏரி முழுக்கப் பரவியிருந்தது அத்தனையும் ஒரு பக்கக் கரையில் ஒதுங்கும். நடு ஏரித் தண்ணீரில் இருப்பதைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு செறிவாக அந்தக் கரையோரப் படலம் இருக்கலாம்.

இதைக் கொஞ்சம் மனசில் வெச்சுக்கோங்க. ஏரி நடுவில் படகு ஓட்டுபவருக்கு ஒன்றும் ஆகாத அதே நாளில், கரையில் வாய் வைக்கும் ஆட்டுக்குச் சாவு வரலாம்.

1988-89 குளிர்காலம் வழக்கத்தைவிட மிதமாக இருந்தது. 1989 கோடை நல்ல வெயில், வறண்ட வானிலை. ஏரி பச்சையாக மாறியது. செப்டம்பர் நெருங்கும்போது கரையோரம் கெட்டியான படலம். பிறகு சாவுகள் வரத் தொடங்கின. கரையில் மேய்ந்த ஆடுகள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்களின் நாய்கள். மொத்தம் 20 செம்மறி ஆடுகளும் 15 நாய்களும் இறந்தன.

நாய்களுக்கு ஏன் இவ்வளவு ஆபத்து? நாய் தண்ணீரில் குதிக்கும், வெளியே வந்து உதறும், அப்புறம் உட்கார்ந்து உடம்பு முழுக்க நக்கும். ரோமத்தில் ஒட்டியிருந்த படலம் அத்தனையும் வயிற்றுக்குள். எடையும் குறைவு. வேறென்ன வேணும்?

மைக்ரோசிஸ்டின் என்ற அந்த நச்சு உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பது மருத்துவ மாணவனாக என்னை மிரள வைத்த விஷயம். எல்லா செல்லுக்குள்ளும் அதனால் சுலபமாக நுழைய முடியாது. கல்லீரல் செல்லில் பித்த அமிலத்தை உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு வாசல் உண்டு. அந்த வாசல் வழியாக இது விருந்தாளி மாதிரி நுழையும். உள்ளே போனதும் பாஸ்படேஸ் என்ற நொதிகளைப் பூட்டிவிடும். செல்லைத் தாங்கி நிற்கும் எலும்புக்கூடு மாதிரியான அமைப்பு குலைந்து, செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். கல்லீரலுக்குள்ளேயே ரத்தம் கசிந்து தேங்கும். சில மணி நேரத்தில் விலங்கு அதிர்ச்சி நிலைக்குப் போய் இறக்கும். மாற்று மருந்து கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

தண்ணியைக் கொதிக்க வெச்சா போயிடாதான்னு கேப்பீங்க. போகாது. கொதிக்க வைத்தால் செல் உடைந்து நச்சு வெளியே வரும், அவ்வளவுதான். வெப்பத்துக்கு அது அசையாது.

அதே 1989இல் ஸ்டாஃபர்ட்ஷையரில் ருட்யார்ட் ஏரியில் இன்னொன்று நடந்தது. அதுவும் மனிதர் கட்டிய நீர்த்தேக்கம்தான். 1790களின் இறுதியில் படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்கக் கட்டியது. ரயில் வந்தபின் விக்டோரியா காலத்து மக்கள் கூட்டம் கூட்டமாகப் பொழுதுபோக்க வந்த இடம். அங்கே ஒரு பிக்னிக்கில் சந்தித்துக்கொண்ட ஒரு ஜோடி பின்பு கல்யாணம் செய்து பம்பாய்க்கு வந்து, பிறந்த பிள்ளைக்கு அந்த ஏரியின் பெயரையே வைத்தது. ருட்யார்ட் கிப்ளிங்! ஜங்கிள் புக் எழுதியவர் பெயரில் ஒரு நீர்த்தேக்கம் இருக்குன்னு எனக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும்.

அந்த ஏரியில் இளம் ராணுவ வீரர்கள் படகுப் பயிற்சி செய்தார்கள். படகோடு தலைகீழாகக் கவிழ்ந்து எழுவது, நீச்சல் எல்லாம் உண்டு. தண்ணீரில் மைக்ரோசிஸ்டிஸ். பலருக்குத் தொண்டை வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு. இரண்டு பேருக்கு நிமோனியா முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உதட்டைச் சுற்றிக் கொப்புளம், ரத்தத்தில் தட்டணுக்கள் குறைவு. இருவரும் பிழைத்தார்கள். அவர்களைக் கவனித்த மருத்துவர்கள் 1990இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை எழுதினார்கள். இரண்டே நோயாளிகளைப் பற்றிய சின்னக் கட்டுரை. ஆனால் ஏரியில் விளையாடினால் மனிதருக்கும் இப்படி ஆகலாம் என்று இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது அதுதான்.

இதில் எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. இது யாருக்கும் தெரியாத நச்சு இல்லை. 1878இலேயே ஜார்ஜ் ஃபிரான்சிஸ் என்பவர் ஆஸ்திரேலியாவின் அலெக்ஸாண்ட்ரினா ஏரியில் இதே மாதிரிப் பச்சைப் படலத்தைக் குடித்து ஆடு, குதிரை, நாய், பன்றி எல்லாம் செத்ததை நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார். ரட்லண்டுக்கு 111 வருஷம் முன்னாடி! கால்நடை மருத்துவர்களுக்குத் தெரியும். பாசி ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியும். நாயோடு வாக்கிங் வந்தவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

1989இல் நேரமும் வினோதமாக அமைந்தது. இங்கிலாந்தின் தண்ணீர் வாரியங்களைத் தனியாருக்கு விற்கும் வேலை நடந்துகொண்டிருந்த வருஷம் அது. ஆறுகளையும் ஏரிகளையும் கண்காணிக்க தேசிய ஆறுகள் ஆணையம் என்று ஒன்று அதே செப்டம்பரில்தான் பொறுப்பேற்றது. பதவியேற்றதும் முதல் கேஸ் இது. நாடு முழுக்க ஏரிகளைச் சோதித்தார்கள். சோதித்த பாசிப் படலங்களில் பாதிக்கும் மேற்பட்டவை நச்சு உள்ளவை. எது நச்சு, எது இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதும் அப்போது எல்லோருக்கும் உறைத்தது. ஏரிக்கரைகளில் எச்சரிக்கைப் பலகைகள் வந்தது அதற்கப்புறம்தான்.

மனிதர் சாகும் அளவுக்கு இது போகுமா என்று நீங்கள் கேட்கலாம். போனது. ரட்லண்டில் இல்லை, பிரேசிலில். 1996 பிப்ரவரி, கருவாரு நகரம். வறட்சிக் காலம். ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு லாரியில் தண்ணீர் வந்தது. நீர்த்தேக்கத்துத் தண்ணீர், சரியாகச் சுத்திகரிக்கப்படாதது. ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய சுமார் 120 லிட்டர் தண்ணீர் நோயாளியின் ரத்தத்துக்குப் பக்கத்தில், மெல்லிய ஒரு சவ்வு மட்டுமே தடுக்க, ஓடும். குடல், கல்லீரல் வழி என்று எந்தக் காவலும் இல்லை. சுமார் 130 நோயாளிகளில் 116 பேருக்குப் பார்வை மங்கல், குமட்டல், வாந்தி. 100 பேருக்குக் கல்லீரல் செயலிழப்பு. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இதனாலேயே இறந்தார்கள். அவர்களின் கல்லீரலில் மைக்ரோசிஸ்டின் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, 1998இல், உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் மைக்ரோசிஸ்டினுக்கு வரம்பு வைத்தது: லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்.

சரி, ரட்லண்டுக்குத் திரும்புவோம். ஏரியை எப்படிச் சரி பண்ணினாங்க?

கிட்னி நோயாளிகள் வீட்டில் இருந்தால் உங்களுக்குத் தெரியும். ரத்தத்தில் பாஸ்பேட் ஏறினால், சாப்பாட்டோடு சேர்த்து ஒரு மாத்திரை கொடுப்போம். அது குடலிலேயே பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். இரும்புச் சத்து அடிப்படையில் செய்த மாத்திரைகளும் அதில் உண்டு. ரட்லண்ட் ஏரிக்கும் ஏறக்குறைய அதே வைத்தியம்தான். 1990இலிருந்து, பம்ப் செய்து ஏரிக்குள் விடும் ஆற்று நீரில் ஃபெர்ரிக் சல்பேட் என்ற இரும்பு உப்பைக் கலந்தார்கள். இரும்பு பாஸ்பேட்டைப் பிடித்து அடியில் படியவைக்கும்.

எந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. தண்ணீர் நுழையும் இடத்தருகே ஏரியடியில் துருநிற வண்டல் சேர்ந்தது. அடித்தரையில் வாழும் சிற்றுயிர்களுக்கு அது நல்லதில்லை என்ற கவலை வந்தது. நீலப்பச்சைப் பாசியும் ஒரேயடியாக ஒழியவில்லை. இன்றைக்கும் வெயில் அதிகமான வருஷங்களில் எச்சரிக்கைப் பலகை ஏறும். சர்க்கரை நோய் மாதிரிதான்: கட்டுக்குள் இருக்கு, போகலை. பாஸ்பேட்டை மேலே ஆற்றிலேயே, சாக்கடை சுத்திகரிப்பிலேயே எடுப்பதுதான் உண்மையான வைத்தியம். அதற்குச் செலவு அதிகம், ஓட்டு குறைவு.

அந்த ஏரியில் 1989க்கு அப்புறம் நடந்த ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லாமல் விட மனசு வரல.

விராலடிப்பான் தெரியுமா? மீன் தின்னும் பெரிய கழுகு வகை. குளிர்காலத்தில் நம்ம ஊர் ஏரிகளுக்கும் வரும். தண்ணீருக்குள் கால்களை நீட்டிப் பாய்ந்து மீனைத் தூக்கும். எங்கேயோ ஏரிக்கரையில் நின்னு பார்த்த யாரோ ஒருத்தர் வெச்ச பெயர் அது, எவ்வளவு கச்சிதம்! இங்கிலாந்தில் இந்தப் பறவையைச் சுட்டும் முட்டையைத் திருடியும் 19ஆம் நூற்றாண்டிலேயே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

ராய் டென்னிஸ் என்ற பறவையியலாளரும், ரட்லண்ட் காப்பகத்தைக் கவனித்துவந்த டிம் ஆப்பிள்டனும் ஒரு யோசனை வைத்திருந்தார்கள். விராலடிப்பான் தான் பறக்கக் கற்ற இடத்தைத் தன் ஊராக நினைக்கும். அப்படியானால் ஸ்காட்லாந்தின் கூடுகளிலிருந்து பறக்கத் தயாராகும் குஞ்சுகளை எடுத்து வந்து, ரட்லண்ட் தண்ணீரைப் பார்த்தபடி ஒரு கூண்டில் வைத்து மீன் கொடுத்து வளர்த்து, அங்கிருந்து பறக்கவிட்டால்?

1996 முதல் 2001 வரை 64 இளம்பறவைகள். ஒவ்வொன்றும் வழிகாட்ட யாரும் இல்லாமல், இலையுதிர்காலத்தில் தனியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பறந்தது. போனால் இரண்டு மூன்று வருஷம் திரும்பாது. திரும்பாமலே போவதுதான் அதிகம். 1999இல் முதல் பறவைகள் திரும்பின. 2001இல் ஒரு ஜோடி கூடு கட்டி ஒரு குஞ்சு பொரித்தது. நடு இங்கிலாந்தில் 150 வருஷத்துக்கு அப்புறம் முதல் குஞ்சு. இப்போ வருஷா வருஷம் குஞ்சுகள் பறக்கின்றன. நேரலை கேமராவில் உலகமே பார்க்குது. நானும் பார்ப்பேன். நைட் டியூட்டியில் கேஸ் இல்லாத நேரத்துக்கு நல்ல துணை.

கடைசியா ஒரு துணுக்கு. 2021 பிப்ரவரியில் அந்த மேற்குக் குட்டை ஒன்றில் வேலைக்காகத் தண்ணீரை வடித்தபோது, காப்பக ஊழியர் ஒருவர் சேற்றில் வரிசையாகப் பீங்கான் குழாய் மாதிரி எதையோ பார்த்தார். முதுகெலும்பு. 10 மீட்டர் நீள இக்தியோசார். சுமார் 18 கோடி வருஷத்துக்கு முந்தைய கடல் வேட்டை விலங்கு. பறவைகளுக்காக வெட்டிய குட்டைக்கு அடியில் அத்தனை நாளும் அது படுத்திருந்திருக்கு.

இப்போ நண்பர் அனுப்பிய படத்துக்கு வர்றேன்.

எல்லாப் பச்சையும் நச்சு கிடையாது. ஒரு குச்சியை விட்டுக் கிளறுங்க. நூல் நூலாக, தலைமுடி மாதிரி குச்சியில் சுத்திக்கிட்டு வந்தால் பெரும்பாலும் அது சாதாரண இழைப்பாசி. பெயிண்ட்டில் முக்கிய மாதிரி குச்சியில் பூசிக்கொண்டு வந்தால், அல்லது தண்ணீரில் பச்சைத் தூள் தூவியது மாதிரி மிதந்தால், அது நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். கையை விட்டுப் பார்க்காதீங்க. சந்தேகமா இருந்தா விஷம்னே வெச்சுக்கோங்க. படலம் ஒதுங்கியிருக்கும் கரையில் குழந்தைகள் விளையாடக்கூடாது. முட்டிவரை தண்ணியில் நின்று, கையை வாயில் வைப்பது அவங்கதான். தெரியாமல் இறங்கிவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் குளிப்பாட்டுங்க. நாய் இறங்கிட்டா நக்குவதற்கு முன்னாடி கழுவுங்க. அது வாந்தி எடுத்தாலோ தள்ளாடினாலோ நேராகக் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்க, "காலையில் பார்த்துக்கலாம்" வேண்டாம். கரையில் உட்கார்ந்து சாப்பிடுங்க, பறவை பாருங்க, அதில் தப்பே இல்லை.

இதெல்லாம் அவருக்கும் அனுப்பிட்டேன். "சரி டாக்டர், அப்போ நாயை மட்டும் வீட்ல விட்டுட்டுப் போறோம்"னு பதில் வந்திருக்கு.

பசங்களையும் இறக்காதீங்கன்னு திரும்ப எழுதியிருக்கேன். இன்னும் ப்ளூ டிக் வரல.